வீட்டில் பெரும்பாலும் சைவம் சமைக்கத் தொடங்குகிறீர்களா? பயறிலிருந்து ஆரம்பியுங்கள்

இறைச்சியைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தட்டிலிருந்து மீனையோ கறியையோ எடுத்துவிட்டு, காலியான இடத்தில் இன்னும் கொஞ்சம் சோறும் உருளைக்கிழங்கும் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வயிறு கேட்கிறது. பிஸ்கட் டப்பா திறக்கிறது. மூன்றாவது வாரம் 'சைவம் நமக்கு ஒத்து வராது' என்று முடிவாகிவிடுகிறது.

கோளாறு வரிசையில் இருக்கிறது. இன்றைக்கு எந்தப் பயறு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு காய்கறி. தானியம் கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன. தனித்தனிச் சமையல் குறிப்புகள் இங்கே கிடையாது. எந்தக் குறிப்பை எடுத்தாலும் சொதப்பாமல் இருக்கத் தேவையான அளவு, நேரம், எச்சரிக்கை மட்டும் இருக்கின்றன.

1. முதலில் தட்டுக் கணக்கு

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறு அல்லது வேறு புரத உணவு, கால் பங்கு தானியம். கண்ணளவு போதும். உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி எல்லாம் தானியத்தின் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்று சொல்லும்போது இந்தக் கிழங்குகளை அதில் சேர்ப்பதில்லை.

புரதம் எவ்வளவு? ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் சுற்றி. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம். இதை எட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வெந்த பயறு ஒன்றரைக் கப் சாப்பிட்டால் 22 முதல் 26 கிராம் வந்துவிடும். பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டர் என்றால் இன்னொரு 13 கிராம். நாள் முழுதும் சாப்பிடும் தானியத்தில் 10 கிராமாவது இருக்கும். ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பால் வேண்டாதவர்கள் டோஃபு (சோயா பாலை உறையவைத்துச் செய்வது), சோயா பால், இன்னொரு அரைக் கப் பயறு என்று ஈடுகட்டலாம். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டைக்கு 6 கிராம்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. பயறில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது, தானியத்தில் குறைவது பயறில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

2. வாங்குதல்: குறைவாக, லேபிளைப் படித்து

முதல் தடவையிலேயே பத்து வகைப் பயறு வாங்கி அடுக்காதீர்கள். மூன்று போதும். ஊறவே தேவையில்லாதது ஒன்று (மைசூர்ப் பருப்பு அல்லது பாசிப்பருப்பு), நடுத்தரமானது ஒன்று (பாசிப்பயறு அல்லது தட்டைப்பயறு), இரவு முழுக்க ஊற வேண்டியது ஒன்று (கொண்டைக்கடலை). அலுவலகம் விட்டு வந்து திடீரென்று சமைக்க வேண்டிய நாளில் காப்பாற்றுவது முதல் வகைதான். அது வீட்டில் தீரவே கூடாது.

இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பயறு கெட்டுப்போகாது என்று நினைத்து மூட்டையாக வாங்குவது வீண். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பழசான பயறு, எத்தனை மணி நேரம் கொதித்தாலும் உள்ளே கடுக்கென்றே நிற்கும். கடையில் பாக்கெட்டைத் திருப்பி, பேக் செய்த தேதி இருக்கிறதா பாருங்கள். இருப்பதில் புதியதை எடுங்கள்.

டின்னில் வரும் வெந்த பயறு கெட்ட பொருள் அல்ல. விலையைச் சரியாக ஒப்பிடத்தான் தெரிய வேண்டும். 400 கிராம் டின்னில் நீரை வடித்தபின் கிடைப்பது ஏறத்தாழ 240 கிராம். உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராம் வெந்தால் அதே அளவுக்குப் பக்கத்தில் வரும். ஆக, ஒரு கிலோ உலர்ந்த கடலை சுமார் பத்து டின்னுக்குச் சமம். எரிபொருள் செலவைச் சேர்த்தாலும் எது மலிவு என்று உங்கள் ஊர் விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். டின் வாங்கினால் அந்த உப்பு நீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். சோடியத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிலேயே போய்விடும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, பொருள்களின் பட்டியல். எடையில் அதிகமானதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். 'பல தானிய ரொட்டி' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் பட்டியலில் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா ரொட்டிதான். இரண்டு, 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்ற எண். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் அதிகம் என்று கொள்ளுங்கள். சைவ பர்கர், சைவ சாசேஜ் மாதிரியான தயார் உணவுகளில் பல இந்தக் கோட்டைத் தாண்டும். 'சைவம்' என்ற சொல்லுக்கும் ஆரோக்கியத்துக்கும் தானாக ஒரு சம்பந்தமும் கிடையாது.

மசாலாப் பொடிகளைச் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். ஆவியும் சூடும் பட்டு வாசனை சீக்கிரம் போய்விடும்.

பாத்திரத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். அடி கனமான பாத்திரம் ஒன்று, அகலமான வாணலி ஒன்று, நல்ல கத்தி ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று. ஐந்தாவதாக ஒன்று வாங்கப் பணம் இருந்தால் பிரஷர் குக்கர்.

3. ஊறவைத்தல்: முந்தின இரவே எடுக்க வேண்டிய முடிவு

ஒருவருக்கு ஒரு வேளைக்கு உலர்ந்த பயறு 70 முதல் 80 கிராம். இரண்டு பேருக்கு 150 கிராம். கடலையும் பெரிய பயறுகளும் ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். பயறுக்கு மேலே குறைந்தது நான்கு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும்.

மைசூர்ப் பருப்பு, பாசிப்பருப்பு: ஊறவே வேண்டாம்.
துவரம்பருப்பு, கடலைப்பருப்பு: அரை மணி முதல் ஒரு மணி நேரம்.
பாசிப்பயறு, தட்டைப்பயறு: 4 முதல் 6 மணி நேரம்.
கொண்டைக்கடலை, ராஜ்மா, பெரிய மொச்சை: 8 முதல் 12 மணி நேரம்.

ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள். 'உப்புப் போட்டால் பயறு வேகாது' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நடப்பது நேர்மாறு: பயறின் தோலைக் கெட்டியாக வைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பில் உள்ள சோடியம் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் தோல் மிருதுவாகிறது, வேகும்போது கிழிந்து உரிவதும் குறைகிறது. பயறை வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. அதைப் பற்றி அடுத்த படியில்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். முழுக்கப் போகாது. அதனால் பயறு பழகாதவர்கள் முதல் வாரம் அரைக் கப்பில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். குடலுக்குப் பழகச் சில வாரம் ஆகும். முதல் நாளே இரண்டு கப் ராஜ்மா சாப்பிட்டுவிட்டுப் பயறைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெயில் காலத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். நேரம் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் ஊறும் பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறந்துபோனவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: பயறைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்து, அந்த நீரைக் கொட்டுங்கள். இரவு முழுக்க ஊறியது போலச் சீராக வராது. ஆனால் அன்றைய சமையல் நடந்துவிடும்.

4. வேகவைத்தல்: பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம்

முதலில் ஒரு பாதுகாப்பு விஷயம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நாலைந்து பயறு மணிகளே இதற்குப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். 30 நிமிடம் கொதித்தால் இன்னும் பாதுகாப்பு. இங்கேதான் மின்சார ஸ்லோ குக்கர் ஆபத்தாகிறது. அதில் சூடு கொதிநிலைக்கு எட்டாமலே மணிக்கணக்கில் நிற்கலாம், 80 டிகிரி செல்சியஸ் சுற்றிய சூட்டில் நச்சின் வீரியம் குறையாமல் கூடவும் செய்யும். ஸ்லோ குக்கர்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் ராஜ்மாவை முதலில் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிட்டு அதில் போடுங்கள். டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

இனி நேரக் கணக்கு. ஊறிய கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ராஜ்மா, முதல் கொதிக்குப் பிறகு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தட்டைப்பயறு 30 முதல் 45 நிமிடம். பாசிப்பயறு அரை மணிக்குள். மைசூர்ப் பருப்பு 15 முதல் 20 நிமிடம். பிரஷர் குக்கரில் கொண்டைக்கடலை 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும், ஏனென்றால் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். மலை ஊரில் இருப்பவர்களுக்கு குக்கர் ஆடம்பரமல்ல.

குக்கரில் விசில் கணக்கை நம்பாதீர்கள். தண்ணீரின் அளவு, குக்கரின் கொள்ளளவு, தீயின் வேகம் மூன்றும் விசிலை மாற்றும். முதல் விசில் வந்ததும், அதாவது அழுத்தம் முழுதாக ஏறியதும், தீயைக் குறைத்து அங்கிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் தோல் வெடித்து, நுரை வால்வு வழியாகப் பீய்ச்சும். பயறு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு மணியை மட்டும் எடுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலிருந்தும் அடியிலிருந்தும் ஐந்து மணிகளைக் கரண்டியில் எடுங்கள். ஒவ்வொன்றையும் விரல்களுக்கு நடுவே அழுத்தினால் வெண்ணெய் போல் நசுங்க வேண்டும். நசுங்கியதைப் பிளந்து நடுவைப் பாருங்கள். அங்கே வெளிறிய, மாவு மாதிரியான புள்ளி ஒன்றிலாவது தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தினாலே கரைகிறது என்றால் தயார்.

வேகவே மாட்டேன் என்கிறதா? காரணம் மூன்றில் ஒன்று. தக்காளியோ புளியோ எலுமிச்சையோ முன்கூட்டியே சேர்த்திருப்பீர்கள்; புளிப்பு இருந்தால் பயறின் செல் சுவர்கள் இளகாது. முழுக்க வெந்தபிறகுதான் புளிப்பு. இரண்டாவது, தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கும். அப்போது கால் கிலோ பயறுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பயறு கூழாகும், பி1 வைட்டமினும் நாசமாகும். மூன்றாவது, பயறு பழசு. அதற்கு மருந்தில்லை, அரைத்து மசியலாகவோ சூப்பாகவோ தீர்த்துவிட்டு அடுத்த தடவை கடையை மாற்றுங்கள்.

வெந்த நீரைக் கொட்டாதீர்கள். (ஊறிய நீர் வேறு, இது வேறு.) குழம்புக்கும் சூப்புக்கும் கெட்டித் தன்மை தருவது அதுதான்.

5. காய்கறி: தண்ணீரைக் குறை, இடத்தைக் கூட்டு

காய் சுவையில்லாமல் போவதற்கு முக்கியக் காரணம், வதக்கப் போய் அது அவிந்துவிடுவது. வாணலியில் குவித்துப் போட்டால் காயிலிருந்து விடும் நீர் ஆவியாகப் போக வழியில்லை. சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் மாறாது, வாசனையும் வராது. ஓர் அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்தபின் போட்டு, இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள்.

ஓவன் இருந்தால் வேலை பாதி. 200 முதல் 220 டிகிரி, அரை கிலோ காய்க்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரே அளவுத் துண்டுகள். காலிஃபிளவருக்கு 20 முதல் 25 நிமிடம், கேரட்டுக்கும் பூசணிக்கும் அரை மணி. ஈரத்தைத் துடைக்காமல் தட்டில் வைத்தால் மறுபடி அவியல்தான்.

காளானில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் இல்லாத சூடான வாணலியில் போட்டு, நீர் விட்டு, அந்த நீர் வற்றி, சுர்ரென்ற சத்தம் மாறும் வரை பொறுத்துப் பிறகு எண்ணெய் விடுங்கள். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். முதலில் ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு வதக்கினால் பாதி எண்ணெய் மிச்சம்.

பச்சைக் காய்களின் நிறம் மங்குவதற்குப் புளிப்பும் நீண்ட நேர வேக்காடும் காரணம். மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள். கீரையைக் கழுவும்போது பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே கொட்டும். கீரையைக் கையால் தூக்கி எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், மூன்று முறை.

காயை நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் சி வைட்டமின் நீரோடு போகும். பசலைக்கீரை மட்டும் விதிவிலக்கு. அதில் ஆக்சலேட் அதிகம், அதனால் அதிலுள்ள கால்சியம் உடலில் சரியாகச் சேராது. ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு வடித்தால் ஆக்சலேட் குறையும். கால்சியத்துக்குப் பசலையை நம்பாமல் முட்டைக்கோஸ் குடும்பத்தையும், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபுவையும், பாலையும் நம்புங்கள்.

6. எண்ணெயும் உப்பும் அளந்து

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றும்போது மூன்று கரண்டி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயே இல்லாமல் சமைப்பதும் தவறு. கேரட், கீரை, பூசணியில் உள்ள கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சோயா சாஸ், ஊறுகாய், சீஸ், ரொட்டி எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்து இந்தக் கணக்கு. அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். கல்லுப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று மாறுபவர்கள் பலருக்கு, அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. மீன் சாப்பிடாதவர்களுக்கு இது முக்கியம்.

7. சப்பென்று இருக்கிறதே?

புதிதாகச் சமைப்பவர்கள் சுவை வரவில்லை என்றதும் மறுபடி உப்பைத்தான் போடுவார்கள். பல சமயம் குறைவது புளிப்பு. அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ருசி பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடிப்படை வதக்கல் குறைந்திருக்கிறது.

வெங்காயம் 'ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும்' என்று எழுதும் குறிப்புகளை நம்பாதீர்கள். நடுத்தரத் தீயில், ஒரு சிட்டிகை உப்போடு, கண்ணாடி போலாக எட்டுப் பத்து நிமிடம். ஓரம் பொன்னிறமாக 15 முதல் 20 நிமிடம். முதலில் நீர் விட்டுச் சளசளக்கும், பிறகு சத்தம் குறையும், அடியில் பழுப்பு ஒட்டத் தொடங்கும். அப்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கலக்குங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் கூடுதல் எண்ணெயில்லாமலே அடர்ந்த நிறமும் இனிப்பும் வரும். பூண்டு இதற்குப் பிறகுதான், ஒரு நிமிடம் போதும். கருகிய பூண்டின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. மசாலாப் பொடிகளை இரண்டு கரண்டித் தண்ணீரில் குழைத்துச் சேர்த்தால் தீயாது.

கறியில் இருக்கும் அந்த ஆழமான சுவையைத் தேடுபவர்களுக்குக் காளான் (உலர்ந்தது இன்னும் நல்லது), எண்ணெய் பிரியும் வரை வதங்கிய தக்காளி, சில சொட்டு சோயா சாஸ் உதவும். சோயா சாஸ் போட்டால் உப்பைக் குறையுங்கள்.

டோஃபு சப்பென்று இருந்தால் நீர் பிழியப்படவில்லை என்று அர்த்தம். துணியில் சுற்றி 20 நிமிடம் கனமான எதையாவது மேலே வையுங்கள். மீல்மேக்கர் என்று சொல்லும் சோயா உருண்டையும் அப்படித்தான்: வெந்நீரில் ஊறியதும் பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி பிழியுங்கள். பிழியாத உருண்டைக்குள் மசாலா நுழையாது. காய்ந்த எடையில் பாதி புரதம் என்பதால் ஒருவருக்கு 25 கிராம் தாராளம்.

8. வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக

தினமும் இதையெல்லாம் செய்ய யாருக்கும் நேரமிருக்காது. வாரத்தில் ஒரு நாள், கொண்டைக்கடலை அரை கிலோ ஊறவைத்து வேகவையுங்கள். வெந்தபின் ஒரு கிலோவுக்கு மேல் வரும். ஐந்து பங்காகப் பிரித்து, கொஞ்சம் வெந்த நீரோடு பைகளில் தட்டையாக அடைத்து ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். தட்டையாக அடைப்பதற்குக் காரணம், சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். அதே நேரத்தில் ஒரு தட்டு காய் ஓவனில், வெங்காயம்-தக்காளி வதக்கல் ஒரு பாத்திரம் அடுப்பில். கையால் செய்யும் வேலை முக்கால் மணி நேரம். மீதி அடுப்பே பார்த்துக்கொள்ளும்.

வெந்த பயறும் சமைத்த காயும் 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். சோறுக்கு மட்டும் கடுமையான விதி. அரிசியில் உள்ள ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெளியே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மீதச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீருங்கள். ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே ஒரு முறை.

முளைகட்டிய பயறும் கவனிக்க வேண்டியது. முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வேகவைத்தே தர வேண்டும்.

முன்தயாரிப்பு ஒன்றுமே இல்லாத நாளில்: ஒரு அடுப்பில் அரிசி, இன்னொன்றில் கழுவிய மைசூர்ப் பருப்பு. இரண்டும் வேகும்போது காயை நறுக்குங்கள். பருப்பு வெந்து இறங்கியதும் அதே அடுப்பில் வாணலி, காய் வதக்கல். காய் இறங்கியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகமும் பூண்டும் தாளித்துப் பருப்பில் கொட்டி, எலுமிச்சை பிழியுங்கள். 40 நிமிடத்தில் தட்டு தயார்.

9. இரும்பு, பி12, மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் இறைச்சியில் உள்ளதைப் போல எளிதாக எடுத்துக்கொள்ளாது. சி வைட்டமின் கூடவே இருந்தால் சேர்வது கூடும்: எலுமிச்சை, குடைமிளகாய், கொய்யா, தக்காளி எதுவானாலும் அதே வேளையில். டீயும் காபியும் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பி12 வைட்டமின் செடி உணவுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை. புளித்த மாவு, கடற்பாசி, இயற்கை உரத்தில் விளைந்த கீரை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பால், தயிர், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எதுவுமே இல்லை என்றால் பி12 செறிவூட்டிய உணவோ மாத்திரையோ கட்டாயம். கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பயறும் கீரையும் நிறையச் சாப்பிடும்போது கிடைக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம். நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயறைக் கூட்டுமுன் கேளுங்கள். பொட்டாசியமும் புரதமும் அவர்களுக்கு அளவு பார்க்க வேண்டியவை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கீரையில் உள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையை மாற்றும். உணவு முறையை மாற்றுவதாக மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்கேற்றபடி பரிசோதனைத் தேதியையும் மருந்தளவையும் அவர் பார்த்துக்கொள்வார்.